பிளஸ் டூ இல்லாத பட்டதாரிகள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, சட்னி இல்லாத காலை.

பேரன்புக்கும் பெரும் பயத்துக்கும் உரிய சோபனா அக்காவுக்கு,

ஆம்பூர் நகரப் பொதுமக்களுக்கும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரே ஒரு வெளியூர்ப் பிரஜைக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: நம் வீட்டு மிக்ஸி இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும் பணியில் இருந்தபோது, சின்னதாக ஒரு இருமல், பெரிதாக ஒரு புகை, அத்துடன் கண்ணை மூடிவிட்டது. இறுதி ஊர்வலம் சாயங்காலம் பழைய இரும்புக் கடை வரை நடக்கும். அப்பா இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு மௌன அஞ்சலி செலுத்தினார். அவர் எப்போதுமே மௌனம் என்பதால் யாரும் அதை அஞ்சலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன் இருக்கும்போது இவன் ஏன் லெட்டர் எழுதுகிறான் என்று கேட்பாய். என் போன் பறிமுதல். அம்மா போனின் ரிங்டோனை ஷூ கம்பெனி சைரனாக மாற்றி வைத்தேன். போன ஞாயிறு பெரியம்மா கூப்பிட்டதும் சைரன் அடித்தது. அம்மா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டு முனை வரைக்கும் ஓடிட்டாங்க. அம்மா போனிலிருந்து உன்னிடம் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்வாங்க. அதிலிருந்தே வாட்ஸ்அப் அனுப்பினால் உன் பதிலை எனக்கு முன்னால் அவங்க படிப்பாங்க. இந்த வீட்டில் அம்மா கை படாமல் போகிற ஒரே வண்டி தபால் வண்டிதான்.

இப்போது தலைப்புச் செய்தி. நம் அம்மா பட்டதாரி இல்லையாம்.

சொன்னது நகரப் பட்டதாரிகள் மன்றம். பஜாரில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில், வாசலில் ஒரு பச்சை போர்டும் உள்ளே ஒரு கேரம் போர்டும் இருக்குமே, அதேதான். மொத்தம் பத்தொன்பது உறுப்பினர்கள். பதினெட்டுப் பேருக்கு முழங்கால் வலி. மீதி ஒருத்தர் செல்போன் கடை பரணிதரன் அண்ணன். அவருக்கு நாற்பது வயது ஆகியும், அங்கே அவர் பெயர் "சின்னப் பையன்". உனக்கு எட்டாவதில் சயின்ஸ் எடுத்த அருணகிரி சார்தான் செயலாளர். தோல் வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்த கலீமுல்லா பாய் தலைவர்.

இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவில் புது உறுப்பினரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். பெயரையும் பட்டத்தையும் மைக்கில் கணீரென்று படித்து சால்வை போடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். மற்றவர்களுக்கு அது சால்வை. அம்மாவுக்கு என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அம்மாவின் பட்டம் வந்த அன்று நீ ஹாஸ்டலில் இருந்தாய், நான்தான் சாட்சி. பட்டமளிப்பு விழாவுக்குப் போக அம்மா லீவு கேட்கவில்லை, கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் அவசரம். கடைசியில் பட்டம் தபாலில் வந்தது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாங்க. ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கவருக்குள் வைத்தாங்க. பஸ் வந்துவிட்டது, போய்ட்டாங்க. மோகனா, பி.ஏ. வரலாறு என்று இதுவரைக்கும் யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. தபால்காரர்கூட கதவு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

அதனால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை வாங்கி ஃபால்ஸ் தைத்து வைத்துவிட்டு, அம்மா மன்றத்துக்குப் போனாங்க. நானும் கூடப் போனேன். அருணகிரி சார் பட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல மார்க்கும்மா என்றார். அப்புறம் பிளஸ் டூ சர்டிபிகேட் எங்கே என்றார். அம்மா உள்ளதைச் சொன்னாங்க. பத்தாவது முடித்த கையோடு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தது, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ படிக்காதவர்களுக்கென்று இருக்கும் நுழைவுப் பாடத்தை எழுதி நேராக பி.ஏ. சேர்ந்தது, எல்லாம். சார் கண்ணாடியைக் கழற்றி, மன்ற விதியைச் சொன்னார்: பத்தாவது, பிளஸ் டூ, மூன்று வருடப் பட்டம், மூன்றுக்கும் சர்டிபிகேட் இருக்க வேண்டும். யாரோ ஒருத்தர் காசு கொடுத்து டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு சேர வந்தாராம், அவரைத் தடுக்க சாரே எழுதிய விதியாம்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. அரே, விடு தோஸ்த், படிச்ச பொண்ணு, சேத்துக்கோ, என்றார். சார் அசையவில்லை. ஒருத்தருக்குக் கதவைத் திறந்தால் அப்புறம் அது கதவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்து அம்மா நேரே சமையலறைக்குப் போனாங்க. ஃப்ரிட்ஜைத் துடைத்தாங்க. கோபம் வந்தால் அம்மா ஃப்ரிட்ஜைத் துடைப்பாங்க என்று உனக்கே தெரியும். அன்றிலிருந்து தினமும் துடைக்கிறாங்க. உள்ளே இருக்கும் தக்காளி தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

நீ கவலைப்படாதே. பிளஸ் ஒன்னில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தவன், கணக்குப்பதிவியலில் தொண்ணூற்றொன்று வாங்கியவன், உன் தம்பி, இந்த வழக்கைக் கையில் எடுத்துவிட்டான். அருணகிரி சாருக்கு நேரம் சரியில்லை.

வேளா வேளைக்குச் சாப்பிடவும். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆகும்வரை அடிபட்டதாரியாகக் காலம் தள்ளும்
பூவரசன்


ஆம்பூர்,
புதன்கிழமை, புது மிக்ஸி பதவியேற்ற நாள்.

அன்பில் குறையாத, பதில் போடுவதில் மட்டும் குறைந்த அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல், அதைவிட என் வெற்றியை உன்னிடம் சொல்ல ஆவல். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

போன ஞாயிறு மன்றத்தின் ஆண்டு விழா. அம்மா வருவாங்க என்று நான் நினைக்கவில்லை. பத்திரிகை வெச்சுட்டாங்க, போகலன்னா கோவம்னு நினைப்பாங்க, என்று கிளம்பினாங்க. கத்தரிப்பூப் புடவை இல்லை, கம்பெனிக்குக் கட்டும் பழைய நீலம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெயில் என்றால் நம் ஊர் வெயில், மேலே ஓடின ஃபேனுக்கே வேர்த்தது. பக்கத்து அறையில் பிரியாணி அண்டா இறங்கியிருந்தது. வாசனைக்கு நடுவில் அருணகிரி சார் பேச எழுந்தார்.

அந்தக் காலத்துப் படிப்பு எப்படி, இந்தக் காலத்துப் படிப்பு எப்படி என்பதுதான் பேச்சு. இந்தக் காலம் தோற்றுக்கொண்டே வந்தது. எங்க காலத்துல பிளஸ் டூ ஏதுங்க, என்றார் சார். பதினோராவது வரைக்கும் எஸ்.எஸ்.எல்.சி., காலேஜிலேயே ஒரே வருஷம் பி.யூ.சி., அப்புறம் நேரா டிகிரி. இப்போ மாதிரி ரெண்டு ரெண்டு வருஷம் இழுவை கிடையாது, என்று பெருமையாக மேசையைத் தட்டினார்.

நான் எழுந்தேன். கையில் சமோசா இருந்தது, இருந்தாலும் கம்பீரமாகவே எழுந்தேன். சார், ஒரு டவுட்டு, என்றேன். கேளு தம்பி, என்றார், பாவம். அப்படின்னா நீங்க பிளஸ் டூ பாஸ் பண்ணவே இல்லையா சார், என்றேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் கலீமுல்லா பாய்க்கு விளங்கி, அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தி, இரு இரு, நானும் பி.யூ.சி.தானேப்பா, என்றார். அதற்குப் பிறகு அந்த மேடையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்த பார்வை இருக்கிறதே! பி.யூ.சி., பி.யூ.சி., பி.யூ.சி. என்று வரிசையாக முணுமுணுத்தார்கள். பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் பிளஸ் டூ என்ற ஒன்று தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே படித்து முடித்தவர்கள். விதியை எழுதினபோது அது தங்களையும் சேர்த்து வெளியே தள்ளும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேறு ஆளாக இருந்தால் பொடியன் உளறுகிறான் என்று என்னை உட்கார வைத்திருப்பார்கள். அருணகிரி சார் அப்படிச் செய்யவில்லை. தோளில் இருந்த சால்வையை எடுத்து மடித்து மேசை மேல் வைத்தார். விதிப்படி நான் இந்த மன்றத்தில் இல்லீங்க, என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, கடைசி வரிசையில் அம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர் இறங்கினதும் மற்றவர்களுக்கும் வேறு வழியில்லை. ஒவ்வொரு முழங்காலாக மேடையை விட்டு இறங்கியது.

மேடையில் மிஞ்சியது பரணிதரன் அண்ணன். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமே அவர்தான். அவருக்கு வியர்த்துவிட்டது. அந்த விதியை நீக்க நான் முன்மொழிகிறேன், என்றார். வழிமொழிய ஆள் இல்லை. எழுந்து பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, நானே வழிமொழிகிறேன், என்று பார்த்தார். கீழே இருந்து அருணகிரி சாரே, செல்லாது, என்று கத்தினார். இதென்ன பேஜாராப் போச்சு என்று பரணி அண்ணன் தலையில் கை வைத்தார். பிரியாணிக்கு யாரும் பிளஸ் டூ கேக்க மாட்டாங்க இல்ல, என்று பாய் கேட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது.

அம்மா என்னைக் கட்டிப்பிடிப்பாங்க என்று எதிர்பார்த்தேன். படி இறங்கும்போது காதைத் திருகினாங்க. பெரியவரை சபையில வச்சு அப்படித்தான் கேப்பியாடா, என்று. ஆனால் திருகலில் வழக்கமான அழுத்தம் கம்மி.

மறுநாள் சார் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். டீயைக் குடித்து முடித்தார். அப்புறம், விதியை மாத்த ரெண்டு உறுப்பினர் வேணும்மா, இருக்கறது ஒருத்தர். புதுசா ஒருத்தர் முறைப்படி உள்ளே வந்தாத்தான் மாத்த முடியும். அதனால நான் பிளஸ் டூ எழுதப் போறேன், என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. நானும் எழுதறேன் சார், என்றாங்க. விஷயம் தெரிந்ததும் பாய், என்னை விட்டுட்டுப் போவீங்களா, என்று ஒட்டிக்கொண்டார். ஜூலையில் பிளஸ் ஒன், அடுத்த மார்ச்சில் பிளஸ் டூ. மூன்று பேருக்கும் பரணி அண்ணன் தன் கடையிலேயே தட்கலில் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

இதில் தமாஷ் என்ன தெரியுமா? தனித்தேர்வருக்கு லேப் கிடையாது, அதனால் சயின்ஸ் குரூப் எடுக்க முடியாது. ஆயுள் முழுக்க பௌதிகம் நடத்தின மனுஷன் இப்போது வணிகவியல், பொருளியல், கணக்குப்பதிவியல் படிக்கிறார். யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி வந்தது. என் பையன் இருக்கான் சார், தொண்ணூத்தியொண்ணு வாங்கினவன், என்றாங்க அம்மா. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாங்க. நான் உத்தரத்தைப் பார்த்தேன், அடக்கத்தினால்.

ஆகவே நேற்று முதல் உன் தம்பி பேராசிரியர். சாயங்காலம் அம்மாவின் கம்பெனி பஸ் திரும்பி வந்ததும் மன்றத்து மாடியில் வகுப்பு. சார் எழுந்து நின்று, வணக்கம் வாத்தியாரே, என்கிறார். அறுபத்தேழு வயது ஆள் என்னிடம், பாத்ரூம் போகட்டுமா, என்று விரலைக் காட்டிக் கேட்கிறார். போங்க, சீக்கிரம் வரணும், என்றேன். அந்தச் சுகத்தை எந்தச் சம்பளத்திலும் வாங்க முடியாது.

முதல் பாடமே சூப்பர் ஹிட். கணக்கின் இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை என்றால் திகைக்க வேண்டியதில்லை, குறைகிற பக்கத்தில் அனாமத்துக் கணக்கு என்று எழுதி, வித்தியாசத்தைப் போட்டு மூடிவிட வேண்டியது, என்று என் சொந்த அனுபவத்திலிருந்து எடுத்துவிட்டேன். சார் ஆச்சரியப்பட்டுப் போனார். இவ்ளோ சுலபமா, என்கிறார். எங்க கம்பெனியில இப்படி எழுதினா ஆடிட்டர் உதைப்பானே, என்று பாய் மட்டும் தாடியைத் தடவினார். ஆடிட்டர் வேற, அரசுத் தேர்வு வேற, என்று வாயை அடைத்தேன். அம்மா மட்டும், அப்படியாடா, நல்லா யோசிச்சுச் சொல்லு, என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க.

அம்மா வகுப்புக்கு ஒரு சட்டமும் போட்டிருக்கிறாங்க. எந்தக் கணக்கானாலும் முதலில் வாத்தியார் போர்டில் முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும், புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. என் மேல் என்ன மரியாதை பார்த்தாயா! மூன்று பேருக்குப் பேனா செட் வாங்கினவங்க, எனக்கும் சேர்த்து நான்காக வாங்கி வந்தாங்க.

கம்பெனியில் உன் மேனேஜர் தொல்லை கொடுத்தால் சொல்லு, அவரையும் என் வகுப்பில் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பேராசிரியர் பூவரசன்
(வயது பதினேழு, மீசை விரைவில்)


ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. ரொம்ப ஜாஸ்தியாகத்தான் பாராட்டியிருந்தாய். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வழக்கம்போல மூன்று தட்டு சாப்பிட்டேன், ஆனால் இறங்கவில்லை.

ஊர்ச் செய்தி முதலில். அப்பா நலம். அவருடைய தோல் கம்பெனியில் தோல் ஊற வைக்கப் புது டிரம் வந்திருக்கிறதாம், அதைப் பற்றி நேற்று நான்கு வார்த்தை பேசினார். மிக்ஸி நலம். அருணகிரி சார் பெண்டாட்டி அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் படிக்க அனுப்புகிறாராம். கலீமுல்லா பாய் பேரனிடம் கடன் வாங்கின பையை முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். பஜாரே வேடிக்கை பார்க்கிறது, அவருக்குக் கவலையில்லை. வாரத் தேர்வு வைத்தேன். மூன்று பேருக்கும் ஒரு கணக்கும் தவறாமல் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. ஒவ்வொன்றிலும் அனாமத்து. சார் தன் விடைத்தாளைப் பார்த்து, பிசிக்ஸ்லகூட எனக்கு இவ்ளோ சந்தோஷம் வந்ததில்ல வாத்தியாரே, என்றார்.

அக்கா, அனாமத்து என்று ஒன்று புத்தகத்தில் இருப்பது உண்மை. அது தப்பைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் தற்காலிகமாகப் போட்டு வைப்பது. கண்டுபிடித்தே தீர வேண்டும். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி எல்லாக் கணக்கிலும் போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் மார்ச்சில் நான் அதைத்தான் செய்தேன். எனக்கு இருபத்தேழு மார்க் போட்டார்கள்.

ஆமாம். தொண்ணூற்றொன்று இல்லை, இருபத்தேழு. வகுப்பில் மூன்றாவது வந்தது என் பெஞ்சுத் தோழன் தவ்ஃபீக். பள்ளிக்கூடத்தில் போன் நம்பர் கேட்டபோது, நான் அம்மா நம்பருக்குப் பதில் அவன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தேன். அதனால் ரிசல்ட் மெசேஜ் இரண்டும் அவன் போனுக்கே போனது. அம்மா கேட்டபோது அவனுடைய மார்க்கை என்னுடையதாகச் சொல்லிவிட்டேன். இன்னாடா, என் மார்க்கை நீ வெச்சிக்கினா நான் எங்க வீட்ல எதைச் சொல்றது, என்று அவன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான். ஜூலையில் நானும் அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டும். அரியர் எழுதுகிறவர்களுக்கும் தனித்தேர்வர்களுக்கும் ஒரே சென்டர்தான்.

சபையில் எழுந்து நின்று கேட்டேன் என்று அளந்தேனே, அதுவும் வழக்கும் இல்லை, வீரமும் இல்லை. சமோசா ஆறுவதற்குள் பேச்சு முடியட்டும் என்று எதையோ கேட்டுவைத்தேன். அது இத்தனை பேரை மேடையிலிருந்து இறக்கும் என்று எனக்கே தெரியாது. அன்று அம்மா காதைத் திருகினது சரிதான்.

நேற்று ஒரு விஷயம் நடந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா கம்பெனியில் பரீட்சை நாட்களுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாங்க. உனக்குக் காய்ச்சல், எனக்குக் கை முறிவு, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று லீவு எடுத்திருக்கிறாங்க. தனக்கென்று கேட்டது இதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் எதற்கு என்று கேட்டாராம், பரீட்சை என்றாங்களாம். தையல் மிஷினை எல்லாம் நிறுத்திவிட்டு லைனில் இருந்த பொண்ணுங்க கை தட்டினாங்களாம். இதைச் சொல்லும்போது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாங்க. அப்போது வந்த சிரிப்பை முழுசாகச் சிரிக்காமல் பாதியிலேயே நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது, மிச்சத்தை வேறு ஒரு நாளுக்கு எடுத்து வைத்தது போல.

அந்த அம்மா ஹாலில் போய் உட்கார்ந்து, என்னை நம்பி, அனாமத்து என்று எழுதப் போறாங்க.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை, தண்ணி வேணுமா, என்று கேட்டாங்க. இரண்டாவது தடவை பரணி அண்ணன் கடையில் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்தாங்க. கூடவே பரீட்சை அட்டை ஒன்று வாங்கி வந்து என் மேசை மேல் வைத்துவிட்டு, உனக்குத்தான், என்று சொல்லிவிட்டுப் போனாங்க. வாத்தியாருக்கு எதற்குப் பரீட்சை அட்டை என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

நீ பி.காம். படித்தவள். இந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தூக்கத்தில் வரும். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சனிக்கிழமை ரயிலேறி வந்துவிடு அக்கா. ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கித் தருகிறேன், அதற்குத் தவ்ஃபீக்கிடம் கடன் சொல்லி வைத்திருக்கிறேன். பெரியவங்க இரண்டு பேருக்கும் அம்மாவுக்கும் முதலிலிருந்து சரியாகச் சொல்லிக்கொடு. பின்பெஞ்சில் நானும் உட்காருகிறேன். சத்தம் போட மாட்டேன்.

எனக்காக நீ அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். சொல்லும்போது பக்கத்தில் நின்றால் போதும். எனக்கு விழ வேண்டிய அடி எவ்வளவு இருந்தாலும் விழட்டும். அம்மாவுக்கு விழ வேண்டிய மார்க் மட்டும் குறையக் கூடாது.

கட்டாயம் வா அக்கா.

உன் தம்பி,
பூவரசன்